வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட்

"சார், நம்ம டிராயிங் மாஸ்டர் ஆரோக்கியம் தவறிட்டாரு. ஸ்கூல் கேட்டுல இரங்கல் போர்டு வைக்கணும். அவரையே எழுதச் சொல்லிருங்க" என்றார் தலைமையாசிரியர் தொலைபேசியில். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் சிரித்துவிட்டேன். அதே பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். எழுத்து வேலை என்றால் எங்களுக்கு ஆரோக்கியம்தான்.

திண்டுக்கல்லில் அவரை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். பெஞ்சுக்கு நம்பர் போட்டார், சான்றிதழ்களில் பெயர் எழுதினார், விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பஸ் ஏறி, தக்காளிப் பெட்டிகளையும் கேரளா லாரிகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிக்கொண்டு வருவார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் காட்டுவார். "வெள்ளைய மட்டும் பூசக் கூடாது சார். பேப்பர அப்படியே விட்டுவைக்கணும்" என்றார் ஒருமுறை. "அப்பப் பாதி வேலைய பேப்பரே பாத்துருது. நீங்க எதுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். அதன் பிறகு படம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்.

பத்தாம் வகுப்பில் அவருக்கு வாரத்துக்கு ஒரே பீரியட், வெள்ளிக்கிழமை மூன்றாவது. "இந்த ஒரு வாரம் மட்டும் சார், போர்ஷன் முடியல" என்று அதைக் கணக்குக்கு வாங்கினேன். அந்த ஒரு வாரம் பதினோரு வருடம் ஓடியது. ஒரு மழைநாளில் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"சார், இன்னிக்கு மட்டும் குடுங்க. சிறுமலையில மேகம் எறங்கி நிக்குது. பிள்ளைகள மாடிக்குக் கூட்டிட்டுப் போயி வரைய வைக்கிறேன். கலைஞ்சா வராது."

சாக்பீஸைக் கீழே வைக்காமலே கேட்டேன்: "மேகத்துக்கு எத்தன மார்க் சார்?"

வகுப்பே சிரித்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்று நான் நடத்தியது ஒரு மலையின் உயரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு. ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் நடத்தினேன்.

நுரையீரல் கெட்டு மருத்துவ விடுப்பில் இருந்தவரைப் போன மாதம் பேகம்பூர் வீட்டில் போய்ப் பார்த்தேன். மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "ஒங்ககிட்டப் படிச்ச இன்ஜினியருக அம்புட்டுப் பேரு இருக்காக. எங்கிட்டப் படிச்சுப் பிரஷ் புடிக்கிறவன் ஒருத்தனும் இல்ல சார். ஒருத்தன் இருந்தாப் போதும்."

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நம்ம பிள்ளைகளுக்கு அதுல ஆர்வம் இல்ல சார்" என்றேன்.

"இருந்துச்சா இல்லையான்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

அடக்கத்தன்று பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். பெட்டிக்கு மாலை போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்கள். "சார், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீங்க எக்ஸ்ட்ரா கிளாஸ் எடுத்தீங்கல்ல, அதுனாலதான் சென்டம் வாங்குனேன்" என்று ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவர் தீட்டிய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவருடைய பதினோரு வருட வெள்ளிக்கிழமைகள் என்னிடம்தான் இருக்கின்றன. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவற்றுக்கான நன்றியையும் நானே வாங்கிக்கொண்டேன்.