வெறும் வண்டி ஓடிய ஓட்டம்

லாரி பட்டறைக்குள் வந்து நின்றதும் அவர் முன்பக்கம் போகமாட்டார். நேராகப் பின்னால் நடந்து, குனிந்து, புகைக்குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார். சூடு ஆறியதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒட்டிய கரியைக் கட்டைவிரலால் தேய்ப்பார். பிசுபிசுவென்று இருந்தால், "முதல்ல எஞ்சினைச் சரி பண்ணுங்க, அப்புறம் ஓட்டப்பந்தயம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பொடியாக உதிர்ந்தால்தான் பேச்சே.

டீசல் லாரிகளுக்கு இழுவையைக் கூட்டும் சிப்பு பொருத்துவது அவர் தொழில். என் பேட்டரி கடைக்கும் அவருடைய பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான் இருக்கிறது. அங்கே தும்மினால் இங்கே எனக்குச் சளி பிடிக்கும். ஆகவே நான் எழுதுவதில் பொய் இருந்தால் அவரே வந்து என் கழுத்தைப் பிடிக்கலாம்.

சிப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. எஞ்சினுக்குப் போகும் டீசலைக் கணக்குப் பார்க்கிற ஒயரின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'போதாது, இன்னும் ஊற்று' என்று கோள்மூட்டும். பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு. ஒன்றிலிருந்து ஆறு வரை. கூட்டக் கூட்ட வண்டி பறக்கும், கூடவே சூடும் ஏறும். வருகிறவர்கள் எல்லோரும், "எது நல்ல பெட்டிண்ணே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் பதிலுக்குக் கேள்வி கேட்பார். "என்ன லோடு ஏத்துறீங்க? வழியில மேடு உண்டா? ஓட்டுறது நீங்களா, டிரைவரா?" ஆளுக்கு அவசரம் தாங்காது. "பொறுங்கண்ணே" என்பார். அதுவே பெயராகிவிட்டது. 'பொறுங்கண்ணே கடை எங்க?' என்று விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கைவேலையைப் பார்க்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் எதையும் தொடமாட்டார். பிளக்கைச் செருகும்போது காதை அருகில் கொண்டுபோய் 'டக்' என்று பூட்டு விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுப்பார். பெட்டியைச் சூடுபடாத மூலையில் வைத்துக் கட்டுவார். எல்லாம் முடிந்தபின் ஒன்றாம் எண்ணில் வைத்து, "லோடு ஏத்திட்டு வாங்க" என்பார். லோடோடு வந்ததும் பக்கத்துச் சீட்டில் தானே ஏறி, ஊருக்கு வெளியே இருக்கும் நீண்ட மேட்டுக்குப் போய், சூட்டைப் பார்த்து, அதற்கப்புறம்தான் இரண்டா மூன்றா என்று முடிவு செய்வார். "வெறும் வண்டி பொய் சொல்லும். பாரம் ஏறினாத்தான் வாயைத் திறக்கும்" என்பார்.

இவ்வளவு வக்கணையாகப் பேசுகிற மனுஷன் ஒரே ஒரு வண்டியை மட்டும் வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்து அனுப்பினார். அது அவருடைய தங்கை வீட்டு வண்டி.

மாப்பிள்ளை சொந்தமாக வாங்கிய முதல் லாரி அது. வாங்கிய கையோடு இங்கேதான் கொண்டுவந்தார். தங்கையும் கூட வந்திருந்தாள். "ஆறுலயே வைங்க மச்சான், நம்ம வண்டிதானே!" என்றார் மாப்பிள்ளை. நம்ம வண்டி என்றால் இன்னும் கவனமாக அல்லவா இருக்க வேண்டும்? நம் ஆட்களுக்கு அங்கேதான் புத்தி தலைகீழாக வேலை செய்யும். வெளியாளுக்கு ஆயிரம் கேள்வி கேட்கிறவர் மாப்பிள்ளையிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. திருகினார் ஆறுக்கு. மூன்று பேரும் கேபினில் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். வெறும் வண்டி குதிரையாய்ப் பறந்திருக்கிறது. இறங்கும்போது அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நானே பார்த்தேன்.

அப்புறம் கூரை ஓடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகும்போது, பாதி ஏற்றத்தில் பிஸ்டன் உருகி எஞ்சின் நின்றுவிட்டது. மாப்பிள்ளை நடுவழியிலிருந்து போன் செய்தார். பாவி மனுஷன், இவர் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கியரைக் குறைக்காம மிதிச்சியா?" தடுப்புக்கு இந்தப் பக்கம் என் காதிலேயே அது விழுந்தது. மறுமுனையில் மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார்.

எஞ்சின் செலவு தாங்காமல் வண்டி கையை விட்டுப் போயிற்று. மாப்பிள்ளை வேறொருவரின் தண்ணீர் லாரிக்குச் சம்பள டிரைவரானார். பட்டறைப் பக்கமே வரவில்லை. தங்கை மட்டும் போன் செய்வாள். "சாப்பிட்டியாண்ணே?" என்பாள், அதைத் தவிர எதுவும் பேசமாட்டாள். "திட்டித் தொலைச்சா நிம்மதியா இருப்பேன்யா. சாப்பிட்டியான்னு கேக்குறா" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டு, கையில் அழுக்கு ஒன்றுமே இல்லாதபோதும் அதைக் கந்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்டி போனால் போகட்டும், எஞ்சின் போனால் போகட்டும், போனில் கேட்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருப்பி வாங்க முடிந்தால் பட்டறையையே எழுதிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது.

போன வாரம் ஒரு பழைய லாரி பட்டறைக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவர் மாப்பிள்ளை. மறுபடியும் சொந்த வண்டி! நம்மவருக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்டூலைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "வா மாப்ள, உக்காரு மாப்ள" என்றார். புகைக்குழாய்ப் பக்கம் போகக்கூட மறந்துவிட்டார்.

"பெட்டி போடணும் மச்சான். லோடோட மேட்டுல இழுக்க மாட்டேங்குது" என்றார் மாப்பிள்ளை.

இவர் முகம் செத்துவிட்டது. "வேணாம் மாப்ள. வண்டி சும்மாவே நல்லாத்தான் இருக்கு."

"ஊருக்கெல்லாம் போடுறீங்க."

"உனக்கு வேணாம். என்னால முடியாது."

மாப்பிள்ளை வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு, "என் கால் மேல இன்னும் நம்பிக்கை வரல, அப்படித்தானே மச்சான்?" என்றார்.

ஐயோ, அதுவல்ல! அவருக்குத் தன் கைமேல் நம்பிக்கை இல்லை. அதைச் சொல்ல வேண்டியதுதானே? கந்தைத் துணியை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். 'சொல்லித் தொலையுமய்யா!' என்று எனக்கு வாய் வரை வந்தது. அதற்குள் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்து, எதிர்ச்சாரியில் இருக்கும் பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

எதிர்ப்பட்டறைக்காரரும் சிப்பு பொருத்துகிறவர்தான். யார் எந்த எண் கேட்டாலும் அந்த எண்ணில் வைத்துக் கொடுத்துவிடுவார். "அவன் பெட்டி மாட்டல, வெடி வைக்கிறான்" என்று நம்மவர் ஊரெல்லாம் சொல்லி, அது அவர் காதுக்கும் போய், இருவருக்கும் பேச்சு நின்று பல காலமாகிறது. ரோட்டில் எதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார்.

நம்மவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எஞ்சின் தெரியும்படி கேபினைச் சாய்த்துவிட்டார்கள். ஒயரைத் தேடுகிறார்கள். திடீரென்று இவர் சாலையில் இறங்கினார். இரண்டு பக்கமும் ஹார்ன் அலறியது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளுமா? கல்லாவைப் பூட்டிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

எதிர்ப்பட்டறைக்காரர் டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாய்ந்த கேபினுக்கு அடியில் இருட்டுக்குள் தலையை விட்டிருந்தார். நம்மவர் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினார். அவர் திகைத்துப்போய் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு விளக்கை வாயிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"எத்தனைல வைக்க? ஆறு கேக்குறாரு" என்றார்.

"ஒண்ணுல வைங்க. லோடு ஏத்தி மேட்டுல பார்த்துட்டு மேல போகலாம்" என்றார் இவர். அந்த மரியாதையான 'வைங்க' எனக்கே புதிதாக இருந்தது.

மாப்பிள்ளை டயருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உன் கால்ல ஒரு குத்தமும் இல்ல மாப்ள. அன்னைக்கும் இல்ல" என்றார் நம்மவர். சொல்லும்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்து, எதிர்ப்பட்டறைக்காரரின் கை போகிற இடத்துக்கெல்லாம் விளக்கைப் பிடித்துக் காட்டிக்கொண்டே இருந்தார்.