மேடம் பாத்துட்டாங்க

ஊர் திரும்பியவளை முதலில் வரவேற்றது அவளேதான். வாடகைக் காரிலிருந்து இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தால், அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஆளுயரத்துக்கும் பெரிதாக அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கண் பார்க்கிறவளுக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கென்று போர்டு செய்தவனும் கேட்கவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. கல்லூரிக் குழுப்படத்திலிருந்து வெட்டிய முகம். பக்கத்தில் நின்ற தோழியின் தோளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில் ‘வெளிநாட்டுப் பயிற்சி பெற்ற கண் பரிசோதகர்’. அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். அப்பாவின் பெருமைக்கு ஓர் அளவு வேண்டாமா என்று நினைத்தாள். வெறும் பெருமை என்று நினைத்ததுதான் தப்பு.

அப்பா கெட்டிக்காரர். தெருவில் வரும்போதே, இந்த மூக்குக்கு எந்த ஃபிரேம் உட்காரும் என்று சொல்லிவிடுவார். அண்ணன் அதைவிடக் கெட்டிக்காரன். ஒரு கண்ணாடி வாங்க வந்தவர் தலையில் இரண்டைக் கட்டி அனுப்புவான். கண்ணைச் சோதிக்க மட்டும் இருவருக்கும் தெரியாது. அதற்காகவே படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். கடைக்குப் பின்னால் கறுப்புத் திரை போட்ட ஓர் அறை, கோடியில் விளக்கெரியும் எழுத்துப் பலகை, வரிசையாக லென்ஸ் செருகிய பெட்டி, எவர் மூக்கிலும் நிற்காமல் வழுக்கும் ஒரு கனத்த சோதனை ஃபிரேம். அதுதான் அவள் ராஜ்யம். கண்ணாடி வேண்டாதவரை வேண்டாம் என்றே சொல்லி அனுப்புவாள். அண்ணனுக்கு வயிறு எரியும். ஆனால் அந்தப் பொண்ணு சொன்னா சரியா இருக்கும் என்று தெருவே சொன்னது. அவள் சொந்தமாகச் சம்பாதித்தது அந்த ஒரு பேச்சுதான்.

மேற்படிப்பில் சேர்ந்தபோது, பல்கலைக்கழகம் அவளைப் பத்து மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தது. கிளம்பும் முன் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நான் வர்ற வரைக்கும் உள்ரூமைப் பூட்டி வைங்கப்பா. கண்ணுல குறைன்னு யார் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அவங்க எழுதிக் குடுக்கறதுக்குக் கண்ணாடி போட்டுக் குடுங்க, போதும்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியாப் போயிட்டு வாம்மா.”

அவளும் நிம்மதியாகத்தான் போனாள். குளிரில் பல் தந்தியடிக்க அங்கே கற்றுக்கொண்டாள். எழுத்து தெரிகிறதா என்று கேட்பதோடு விட்டுவிடாமல், விழிக்குப் பின்னாலிருக்கும் நரம்பு வரை பார்க்கப் பழகினாள். படிப்பு முடியும் சமயத்தில், இங்கேயே இரேன், வேலை இருக்கிறது என்று பேராசிரியர் கேட்டார். அவள் அந்தக் கறுப்புத் திரை போட்ட அறையை நினைத்துக்கொண்டு, இல்லை, ஊரில் எனக்கு இடம் இருக்கிறது என்றாள். ஞாயிறுதோறும் ஃபோனில் கடை எப்படி என்று கேட்பாள். அப்பா ஓஹோவென்று போகிறது என்பார். பூட்டிய அறையோடு கடை எப்படி ஓஹோவென்று போகும் என்று இத்தனை படித்தவளுக்கு உறைக்கவில்லை.

வந்த அன்று சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். ஒருத்தி வெளுத்துவிட்டாள் என்றாள், இன்னொருத்தி இளைத்துவிட்டாள் என்றாள். அத்தை மட்டும், “யாராவது திரும்பி வருவாங்களா? பொழைக்கத் தெரியாத பொண்ணு” என்று சாக்லேட்டை மென்றபடியே தீர்ப்புச் சொன்னாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எப்போது விடியும், எப்போது கடை திறக்கும் என்றிருந்தது.

விடிந்தது. உள்ளறையில் பூட்டு இல்லை. ஆணியில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கியது. அதற்குள் அவளைப் போல இரண்டு பேர் நுழையலாம்.

“யாரோடதுண்ணா இது?”

“என்னோடதுதான். கோட்டு போட்டாத்தான் கஸ்டமர் நம்பறாங்க” என்றான் அண்ணன், கொஞ்சமும் கூசாமல்.

“நீ டெஸ்ட் பண்ணியா?”

“நான் எங்க பண்ணேன்? நீதான் பண்ணே.” சிரித்துக்கொண்டே செல்ஃபோனை எடுத்துக் காட்டினான். “கண்ணுக்கு நேரா இதைப் பிடிச்சு ஒரு ஃபோட்டோ எடுப்பேன். மேடத்துக்கு அனுப்பியாச்சு, அங்கேருந்து பாத்துச் சொல்வாங்கன்னு சொல்லிட்டு உள்ளே போய் ஒரு டீ குடிப்பேன். திரும்பி வந்து, மேடம் பாத்துட்டாங்க, இந்தப் பவர் போடச் சொன்னாங்கம்பேன். எது போட்டா எழுத்து தெளிவாத் தெரியுதோ அதைக் குடுத்துடுவேன். அவ்வளவுதானே உன் படிப்பு?”

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

“பத்து மாசம் பூட்டி வச்சா ஜனங்க எதிர்க்கடைக்குப் போயிடுவாங்கம்மா” என்றார் அப்பா, ஃபிரேம்களைத் துடைத்தபடி. “உன் பேரு மறந்து போகக் கூடாதுன்னுதான் பண்ணோம். யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?”

நல்ல சப்பைக்கட்டு. பெற்றவரை என்ன சொல்லித் திட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. இன்றிலிருந்து நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி, கோட்டைச் சுருட்டி வெளியே எறிந்தாள்.

முதல் ஆளாக வந்தவர் ஹாரன் மாமா. அப்பாவின் பழைய சினேகிதர், டவுன் பஸ் டிரைவர். காலியான ரோட்டில்கூட ஹாரன் அடிப்பார் என்பதால் அந்தப் பெயர். நுழையும்போதே இடது தோளைக் கதவில் இடித்துக்கொண்டார்.

“வந்துட்டியா பாப்பா! அடுத்த வாரம் டிப்போவில கண் சோதனை. அதுக்கு முன்னாடி நீ நேர்ல ஒரு வாட்டி பாத்துச் சரி பண்ணிடு. இடது பக்கம் வர்ற வண்டி மட்டும் திடீர் திடீர்னு மொளைக்குது.”

“எத்தனை நாளா மாமா?”

“நீ போன கொஞ்ச நாள்லேருந்தே இருக்கே. உனக்குத் தெரியாததா?”

பலகையின் கடைசி வரி வரை தங்குதடையில்லாமல் படித்தார். அவள் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டிலிருந்து விரலை ஆட்டியபடி கொண்டுவந்தாள். வலது பக்கம் கொஞ்சம் தாமதமாக, ஆடுது என்றார். இடது பக்கம் விரல் ஏறக்குறைய அவர் முகத்துக்கு நேரே வரும் வரை பேசாமல் இருந்தார். விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தாள். இரண்டு விழியிலும் நரம்பு குழிந்து வெளுத்துக் கிடந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. வலி இல்லாமல் தின்னும். எழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்கவே முடியாது. ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் நிறுத்தியிருக்கலாம். போனது இனி வராது.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இருப்பதையாவது காப்பாற்றலாம், ஆனால் இனி பஸ்ஸைத் தொடக்கூடாது என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஹாரன் மாமா கையை விடுவித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்போ அங்கேருந்தே மூணு தடவை ஃபோட்டோ பாத்தியே பாப்பா, ஒரு தடவைகூடத் தெரியலையா?”

திரையோரம் அப்பா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அண்ணன். அப்பாவின் கண்கள் அவளைக் கெஞ்சின. ஒரு சொல்லில் பூசி மெழுகிவிடலாம். தெரியலை மாமா என்று தலையைக் குனிந்தால் வீடு தப்பித்துவிடும்.

“நான் பாக்கவே இல்லை மாமா. எனக்கு ஒரு ஃபோட்டோகூட வரலை. அண்ணன் சும்மா சொல்லியிருக்கான். நீங்க வந்ததே எனக்குத் தெரியாது.”

அவர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். “என்னப்பா? அனுப்பினியா இல்லையா?”

“அனுப்பினேனே மாமா” என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. “மாமா நல்லா இருக்காரான்னுகூட விசாரிச்சுதே.”

“அப்பா, நீங்க சொல்லுங்க” என்றாள் அவள்.

அப்பா கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

ஹாரன் மாமா தட்டுத்தடுமாறி எழுந்தார். குரலில் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகம். “தப்புப் பண்றது சகஜம் பாப்பா. நீ சின்னவ, தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் மனசாற விட்டிருப்பேன். பெத்தவனையும் கூடப் பொறந்தவனையும் நிக்க வச்சு பழி போடறியே. இதைப் படிச்சுட்டு வரத்தான் அவ்வளவு தூரம் போனியா?”

“மாமா, சத்தியமா...”

அவர் கேட்கவில்லை. அப்பா ஓடிப்போய் அவருடைய இடது முழங்கையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடத்திப் போனார். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற அவளுக்கு அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“விவரம் தெரியாத பொண்ணு. மனசுல வச்சுக்காதீங்க. இடது பக்கம் படி இருக்கு, பாத்து.”