வர்ணம் காணாத வண்டிக்காரர்

டோனட் கடை முன்னால் வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் லோவெல் டாக்கெட் இரண்டு தெரு தள்ளி, பாப்டிஸ்ட் சர்ச் வாசலிலேயே பிரேக்கை மிதிக்கத் தொடங்கிவிடுவார். மிதித்த காலை எடுக்காமலே தபால் நிலையம், முடிவெட்டும் கடை, மூடிக்கிடக்கும் துணிக்கடை எல்லாவற்றையும் நிதானமாகக் கடப்பார். கடைசியில் வண்டி சரியாக டோனட் கடை வாசலில் வந்து நிற்கும். கடைக்காரி சோப்பியா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர் தபால் நிலையத்தைத் தாண்டும்போது காப்பியை ஊற்ற ஆரம்பித்தால் அவர் இறங்குகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும் என்பது அவள் கணக்கு. சனிக்கிழமை காலை ஏழு மணி ஆகிவிட்டது என்று ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே உள்ள அந்தச் சின்ன ஊர் தெரிந்துகொள்வது இப்படித்தான்.

வண்டி 1930-ஆம் வருடத்து ஃபோர்டு. பத்தொன்பது வருடங்களுக்கு முன் லோவெல் அதை ஒரு பாதாம் தோப்பின் மூலையில் கண்டெடுத்தபோது அதற்குள் பதினோரு கோழிகள் குடியிருந்தன. கோழிகளுக்கு மாற்று இடம் கட்டிக் கொடுத்துவிட்டு வண்டியை இழுத்து வந்தார். தன்னுடைய பம்ப்செட் மெக்கானிக் சம்பளத்தில் என்ன முடியுமோ அதைச் செய்தார். இன்ஜின், கவிழ்ந்துபோன ஒரு பிக்கப்பிலிருந்து. ரேடியேட்டர், ஒரு பழைய பாசன பம்ப்செட்டிலிருந்து. தரைக்கு, திராட்சை உலர்த்துகிற மரத்தட்டுகள். இருக்கை பள்ளிப் பேருந்தில் கழித்துப் போட்டது. அதன் முதுகில் 'டெனிஸ் ஒரு கழுதை' என்று யாரோ பேனாக்கத்தியால் செதுக்கியிருக்கிறார்கள். இடது முன்விளக்கின் தாங்கியை வெட்டும்போது அளவு தப்பிவிட்டது. அதனால் அது வலது விளக்கைவிட இரண்டு விரற்கடை கீழே இருக்கும். வர்ணம் அடிக்கக் காசு மிஞ்சவில்லை. குளிர்காலப் பனிமூட்டம் தன் பங்குக்கு வெறும் தகட்டின் மேல் காப்பிப்பொடி நிறத்தில் துருவை ஏற்றிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததற்கெல்லாம் லோவெல் பொறுப்பல்ல என்று எழுதத்தான் ஆசை.

பழைய கார்களைப் பிரித்து மாற்றிக் கட்டி ஓட்டுகிற அந்தப் பக்கத்து ஹாட் ராட் ஆசாமிகள் அதுவரை வண்டியில் முகம் பார்த்துத் தலைசீவும் அளவுக்கு வர்ணம் அடித்து, மழைத்தூறல் விழுந்தால் போர்வை போர்த்தி, ஷெட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தவர்கள். இவர் வண்டியைப் பார்த்ததும் அவர்களுக்கு என்னவோ ஆயிற்று. முதலில் ஒருவர் தன் வண்டியின் வர்ணத்தைச் சுரண்டினார். அடுத்த சனிக்கிழமை நாலு பேர் சுரண்டியிருந்தார்கள். வர்ணக்காரர்களுக்குப் புதுத் தொழில் பிறந்தது: துரு மாதிரியே தெரிகிற வர்ணம். பல் டாக்டர் ராஃபி பெட்ரோசியன் அதை ஐந்து பூச்சு அடித்து, மேலே பளபளப்பும் ஏற்றி, அது உதிராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வைத்தார். இன்றைய தேதிக்கு அந்த மாவட்டத்தில் இடது விளக்கு இரண்டு விரற்கடை இறங்கிய வண்டிகள் பதினான்கு ஓடுகின்றன. மூக்குக் கண்ணாடியை வேண்டுமென்றே கோணலாக மாட்டிக்கொண்டு மேடையேறுகிறவர்களைப் போல வரிசையாக வந்து நிற்கும்.

லோவெலிடம் கேள்வி கேட்பவர்களுக்கும் குறைச்சல் இல்லை. அவர் பதில் சொல்லும்போது முகத்தில் ஒரு தசையும் அசையாது. பம்ப்செட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போது இருக்கிற அதே முகம்தான்.

"லோவெல், இந்த நெறத்துக்கு என்ன போட்டீங்க?"

"மழ."

"சீட்டு எங்க புடிச்சீங்க?"

"டெனிஸைக் கேளு."

வீட்டில் நடீன், அவர் மனைவி, சொல்லிப் பார்த்துவிட்டாள். "உன் மூஞ்சிய பார்த்து எது நெசம், எது கேலின்னு எனக்கே முப்பத்தாறு வருஷமா புரியல. அவங்களுக்கு எங்கேயிருந்து புரியப் போவுது?" லோவெல் சிரித்திருக்கலாம். நடீனுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

சர்ச் வாசலிலிருந்தே மிதிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் எளிமையானது. வண்டிக்கு முன் சக்கரங்களில் பிரேக் கிடையாது. பழைய இரும்புக்கடையில் கிடைத்த முன் அச்சு வண்டியைவிடப் பழைய காலத்து அச்சு. பிரேக் மாட்ட அதில் இடமே இல்லை. கையில் காசு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தார். காசு வந்தபோதெல்லாம் வேறு ஏதாவது உடைந்தது. அதுவரைக்கும் மணிக்கு முப்பத்தைந்து மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை, முன்னால் போகும் வண்டிக்கு அரைத் தெரு இடைவெளி விடுவது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அதை ஒருநாளும் மீறியதில்லை. அந்தச் சட்டத்தை வெளியில் யாரிடமும் சொன்னதும் இல்லை.

ஒரு சனிக்கிழமை டாக்டர் ராஃபி, லோவெலின் வண்டி முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த அச்சையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னாடி பிரேக்கே வைக்கலையா? எவ்ளோ சுத்தமா இருக்கு! ஏன் வைக்கல?" என்று கேட்டார். அன்று காலை லோவெலுக்கு அது பத்தொன்பதாவதோ இருபதாவதோ கேள்வி. டோனட் வேறு ஆறிக்கொண்டிருந்தது.

"அழகா இருக்குல்ல," என்றார்.

டாக்டர் நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போய், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த தன் முன் பிரேக் இரண்டையும் காசு கொடுத்துக் கழற்றினார். அவர் வண்டியின் இன்ஜின் லோவெலுடையதைப்போல மூன்று மடங்கு. ஆறே வாரம். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதாம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே திரும்ப, டாக்டர் பலம் கொண்ட மட்டும் மிதிக்க, வண்டி நிற்கிற எண்ணமே இல்லாமல் பாசன வாய்க்காலுக்குள் இறங்கியது. டாக்டருக்குக் கை முறிந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி சோனாவுக்குத் தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும். வாய்க்காலில் அன்று இடுப்பளவுதான் தண்ணீர். மேலே மதகு திறந்திருந்தால் வேறு கதை.

லோவெல் ஆஸ்பத்திரிக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சோனாவின் கட்டில் பக்கத்தில் நின்றார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கியது. கையில் காசில்லை என்ற உண்மையைச் சொல்லாமல், இரண்டு சொல்லில் விட்ட கேலியின் விளைவு இது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டாக்டரோ உற்சாகமாக இருந்தார்.

"சேறு காஞ்சப்புறம் தகட்டுக்கு ஒரு நெறம் வந்திருக்கு பாருங்க, அடடா! அப்படியே திரும்பக் கட்டப் போறேன்."

"முன்னாடி பிரேக் வச்சுக் கட்டு, டாக்டரே."

"உங்க வண்டியில இல்லையே?"

சோனா கண்ணைத் திறந்து இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை டோனட் கடை வாசலில், வாழ்க்கையில் முதல் தடவையாக, லோவெல் கையைத் தட்டிக் கூட்டத்தைக் கூப்பிட்டார். "எல்லாரும் கேளுங்க. முன்னாடி பிரேக் இல்லாம ஓட்டறது முட்டாத்தனம். நான் காசில்லாம ஓட்டினேன். நீங்க காசு வச்சுக்கிட்டு ஓட்டறீங்க. கழட்டினவங்கல்லாம் திரும்ப மாட்டிடுங்க." கூட்டம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மனுஷன் மூஞ்சிய பாரேன், கொஞ்சமாவது மாறுதா!" என்றார். அந்தக் கூட்டத்தில் முன் பிரேக்கைக் கழற்றிய வண்டிகள் ஐந்து நின்றன. லோவெல் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அன்று மாலையே தன்னிடமிருந்த மீன்பிடிப் படகை விற்றார். அந்தக் காசில் பிரேக்கோடு கூடிய வேறோர் அச்சைத் தேடிப்பிடித்து, மூன்று வாரம் வண்டிக்கு அடியிலேயே படுத்து மாட்டி முடித்தார். முடித்து ஓட்டிப் பார்த்தபோது முதல் மிதியிலேயே வண்டி சடாரென்று நிற்க, ஸ்டீயரிங்கில் நெஞ்சை இடித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை தபால் நிலையம்வரை பிரேக்கிலிருந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். சோப்பியாவின் காப்பிதான் தாமதமாயிற்று. மற்ற யாரும் எதையும் கவனிக்கவில்லை. சக்கரத்துக்குள் வட்டமாக இருக்கும் பிரேக் டிரம்களும் அவர் வண்டியில் உள்ள மற்ற எல்லாவற்றையும்போல நல்ல துருப்பிடித்த டிரம்கள். துருவுக்குள் துரு எப்படிக் கண்ணில் படும்?

"நீ சொன்னா கேக்க மாட்டாங்க," என்றாள் நடீன். "உன் வண்டி சொன்னாத்தான் கேப்பாங்க. அது இன்னும் வாயத் தெறக்கல."

திங்கட்கிழமை லோவெல் ஊர் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு டப்பா பெயின்ட் வாங்கினார். கல்லாவில் இருந்த மார்லா டப்பாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள். "வீட்டு வேலிக்கா, லோவெல்?" என்றாள்.

"வண்டிக்கு," என்றார் லோவெல்.

அவர் தெரு முனையைத் தாண்டுவதற்குள் மார்லா ஒன்பது பேருக்குப் போன் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை லோவெலின் வீட்டு வாசலில் இருபத்தேழு பேர். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் நடீனிடம், "நீங்களாவது சொல்லக்கூடாதாம்மா?" என்று மன்றாடினார். டாக்டர் ராஃபி கட்டுப்போட்ட கையோடு காரிலிருந்து இறங்கினார். பின்னாலேயே சோனாவும், தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

"லோவெல், யோசிச்சுப் பாருங்க. பத்தொன்பது வருஷம்! திரும்ப அந்தத் துரு வருமா?"

லோவெல் டப்பாவைத் திறந்தார். தக்காளிச் சிவப்பு. கூட்டத்தில் யாரோ முனகினார்கள். அவர் குச்சியால் கலக்கினார். ஒரு சின்னத் தூரிகையை எடுத்துக்கொண்டு, முழங்கால் மடங்கச் சிரமப்பட்டு, முன் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சக்கரக் கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்து டிரம்மை மட்டும் பூசினார். ஒரு பூச்சு, இரண்டு பூச்சு. பிறகு எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தார். தகட்டின் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. முடித்ததும் வண்டிக்குள் கையை விட்டு ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். காப்பிப்பொடி நிறத்து வண்டியில் அந்த ஒரு சிவப்பு, தெருவில் நின்ற எல்லார் முகத்துக்கும் நேரே வந்து நின்றது.

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் நின்ற, முன் பிரேக்கைக் கழற்றிய ஐந்து பேரும் முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

"அய்யோ," என்றார் டாக்டர் மெல்ல. "என்ன அழகு! இது எந்தச் சிவப்பு?"

"இது முன் பிரேக் டிரம்முல மட்டுந்தான் ஒட்டும், டாக்டரே," என்றார் லோவெல். "வேற எங்க அடிச்சாலும் உரிஞ்சிடும்."

முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சோனா மட்டும் அவரையே பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஒரு தரம் அசைத்தாள். டாக்டர் முறியாத கையால் போனை எடுத்துத் தட்டுத்தடுமாறி அந்தப் பெயின்ட்டின் பெயரை எழுத ஆரம்பித்தார். லோவெல் டப்பாவின் பெயர் ஒட்டிய பக்கத்தை அவர் பக்கம் திருப்பி, அவர் எழுதி முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.