புளி போட்டுத் துலக்கிய தகடு

என்னிடம் மூன்று அலுமினியப் போட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மிதப்பது ஒன்று. மற்ற இரண்டும் வீட்டுப் பின்வளவில் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒன்றின் முதுகில் மனைவி செத்தல் மிளகாய் காயப் போடுவாள். சீக்கிரம் காய்கிறதாம். என் பொழுதுபோக்கைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

எங்கள் கரையில் எல்லோரும் பைபர் போட்தான் ஓட்டுகிறார்கள். அலுமினியத்தைப் பற்றி அவர்கள் சொல்லும் குறையெல்லாம் உண்மை. வெயில் ஏறினால் உள்ளே கால் வைக்க முடியாது. துடுப்பு ஒரு தட்டுத் தட்டினால் புத்தளம் களப்பு முழுக்க, அந்த உப்பேரியின் அக்கரை வரைக்கும் கேட்கும். துறையில் என் போட்டுக்குச் ‘சோத்துச் சட்டி’ என்று பெயர். போதாததற்கு நான் கனமூலைக்காரன், அதுவும் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். தோட்டம் செய்கிற ஊரில் பிறந்து சட்டியில் கடலுக்குப் போகிற சேர் என்றால் கேட்க வேண்டுமா? வலை பின்னிக்கொண்டிருப்பவர்களுக்கு வேறு கதை தேவைப்படுவதில்லை.

முதல் போட்டை ஒரு பழைய இரும்பு வியாபாரியின் வளவில் கண்டேன். மூடப்பட்ட ஏதோ ஹோட்டலுடையது. மூக்கு நசுங்கி, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. “நாளைக்கு வெட்டப் போறன் சேர், சட்டி பானைக்குப் போகும்” என்றார் அவர். பதினான்கு அடி நீளத்துக்கு ஒருவன் தகட்டை வளைத்து, விரற்கடை விரற்கடையாக அளந்து ஆணி அடித்திருக்கிறான். அதைப் போய்ச் சட்டியாக்குவதா? எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் எதையாவது வாங்கிவிடுவேன்.

பழைய அலுமினியப் போட்டைத் திருத்துவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். போட்டை இரண்டு மரக்குற்றிகளின் மேல் ஏற்றி, உள்ளே தண்ணீர் நிரப்ப வேண்டும். வெளியே எங்கெங்கே சொட்டுகிறதோ அங்கெல்லாம் வெண்கட்டியால் வட்டம் போட வேண்டும். பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு, வட்டத்திலுள்ள ரிவெட் ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளிருந்து கனத்த இரும்புத் துண்டை ஆணிக்கு முட்டுக் கொடுக்க, மற்றவர் வெளியிலிருந்து அடிப்பார். இறுகாத ஆணியைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும். புதிய ஆணியும் அலுமினியமாகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஸுக்குப் பொடி, அதாவது தகட்டு உடம்பு, கட்டுகிற கராஜில் கிடைக்கும். எஞ்சின் மாட்டுகிற பின்பலகை எப்படியும் உக்கிப் போயிருக்கும், அதை மாற்ற வேண்டும். இவ்வளவுதான். இதற்கு எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

உள்ளே இரும்புத் துண்டு பிடித்தவன் மனைவியின் தம்பி. அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். நுரைச்சோலைப் பக்கம், களப்போரத்தில் வீடு. நண்டு வலைக்காரன். இன்னொருவரின் போட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் போட்டை அவனிடம் கொடுத்தேன். எனக்கு விடுமுறை நாளில் ஒரு சுற்றுப் போனால் போதும், அவனுக்கு அதுதான் சோறு.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி, அதாவது மனைவியின் தாயின் குடும்பம், தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரை விட்டு வந்த குடும்பம். முதலில் ஓலைக் கொட்டில், பிறகு கல்வீடு. கல்யாணம் முடித்த புதிதில் அங்கே என் சட்டையைக் கழற்றி மாட்ட இடம் தேடினேன். கிடைக்கவில்லை. நாலு சுவரிலும் ஓர் ஆணி இல்லை. கலண்டர் அலுமாரியில் சாய்ந்திருந்தது. சுவரில் தொங்க வேண்டிய மணிக்கூடு பிரிட்ஜின் மேல் உட்கார்ந்திருந்தது. கதிரையில் சட்டையைப் போட்டுவிட்டு மனைவியிடம் கேட்டேன். “உம்மா அடிக்க உட மாட்டா. உட்டுட்டுப் போற வீட்டுக்கு ஏன் ஆணி எண்டுவா” என்றாள். அப்போதே அந்த வீட்டுக்கு வயது பதினைந்துக்கு மேல். ஊரில் மற்றவர்களில் சிலர் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். மாமா போவதற்கு முன் மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்டார். பிள்ளைகளுக்கு இங்கேதான் எல்லாம். மாமி மட்டும் ஆணி அடிக்காமல் இருந்தார்.

திருத்திய போட் களப்பில் இறங்கப் போகிற அன்று மாமி ஒரு துணி முடிச்சோடு கரைக்கு வந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு, அதில் ஓர் ஆயத்து, குர்ஆன் வசனம், செதுக்கியிருந்தது. மன்னாரில் மாமாவின் மர வள்ளத்து மூக்கில் இருந்தது. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று வள்ளத்தை விட்டுவிட்டு அதை மட்டும் கழற்றிச் சாரன் மடிப்பில் வைத்துக் கொண்டுவந்தாராம். அந்த வள்ளத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். தகடு வைக்கலாமா கூடாதா என்று எங்கள் பள்ளிவாசலில் இரண்டு கட்சி உண்டு. அந்த வாக்குவாதம் எனக்கு வேண்டாம்.

“இத முன்னுக்கு அடிங்க மருமகன்” என்றார் மாமி. “வீடு ஒரு இடத்துக்கும் போகாது. போட் எண்டா எண்டைக்காவது ஒரு நாள் அங்கால, மன்னார்ப் பக்கம் போகும்.”

மூக்கின் உட்பக்கம், வெறும் தகட்டோடு தகடாக வைத்து, நானே நாலு ஆணி அடித்தேன். அடித்துவிட்டுக் கொஞ்சம் பெருமையாகவும் நின்றேன். மாமி என்னிடம் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை போட் போகாது. காலையில் மாமி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு போய் தகட்டைத் துலக்குவார். குத்துவிளக்குப் போல மினுங்கும். தகட்டைச் சுற்றி வெள்ளையாக மாப் போல ஏதோ படியும், அதையும் துடைத்துவிடுவார். நானும் அந்த வெள்ளையைக் கண்டேன். புத்தளத்தில் வெள்ளையாக எதைக் கண்டாலும் உப்பு என்றுதான் நினைப்போம்.

எட்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மச்சான் சொன்னான்: “மச்சான், போட்டுக்குத் தண்ணி வருது. முந்தி ரெண்டு டின் இறைச்சாப் போதும், இப்ப கை ஓயுதில்ல.” ஆணி தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாமி கலியாண வீடொன்றுக்குப் போயிருந்தார். போட்டைக் குற்றியில் ஏற்றித் தண்ணீர் நிரப்பினோம். ஆணிகள் ஒன்றும் சொட்டவில்லை. மூக்கிலிருந்து நூல் போல ஒழுகியது, தகடு இருந்த இடத்துக்கு நேர் வெளியே.

தகட்டை நெம்பி எடுத்தேன். பின்னால் அலுமினியம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி இருந்தது. மூன்று ஓட்டை. ஒன்று பயறு அளவு. சுற்றியிருந்த இடத்தை விரலால் அழுத்தினேன், அப்பளம் போல உள்ளே போனது.

செம்பையும் அலுமினியத்தையும் தொட வைத்து உப்புத் தண்ணீரில் நனைத்தால் அலுமினியம் கரைந்துபோகும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எந்த உலோகம் முந்திக் கரையும் என்பதைத் தாக்கவீதத் தொடர் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறேன். தவறாக எழுதிய பிள்ளைக்குப் பூச்சியம் போட்டிருக்கிறேன். உலோகம் இரண்டையும் நானே சேர்த்து அடித்து, கடலில் இறக்கி, மாமி வாராவாரம் உப்பும் புளியும் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். அந்தக் கரையில் நின்று வெட்கத்தில் என் காது சுட்டது.

ஆனால் அதைவிடப் பெரிய மடத்தனம் அதற்குப் பிறகு செய்ததுதான்.

“உம்மாக்கு எப்பிடிச் சொல்ற?” என்றான் மச்சான். மாமாவின் ஞாபகமாக இருந்த ஒரே பொருள், அதுதான் போட்டைத் தின்றது என்று எப்படிச் சொல்வது? மாமி தாங்க மாட்டார் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். மனைவி, “உம்மாட்ட நேராச் சொல்லுங்க” என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓர் அலுமினியத் துண்டில் அதே அளவுக்கு ஒரு தகடு வெட்டினேன். கை கால் முகம் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு, ஆயத்தை எழுத்துக்கு எழுத்துப் பார்த்துச் செதுக்கினேன். மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் செப்பு நிறம் வாங்கிப் பூசினேன். ஆயத்து அதே ஆயத்துதானே, இதில் என்ன பொய் இருக்கிறது என்று எனக்கு நானே வக்கீல் வேலையும் பார்த்தேன்.

அதை முடிக்க வியாழன் பின்னேரம் ஆகிவிட்டது. அதுவரை போட் கரையில் கிடந்தால் மாமி ஏன் என்று கேட்பார். ஆகவே ஓட்டைகளுக்குச் சிலிக்கோன் பசை அப்பி, மேலே ஒரு றப்பர்த் துண்டை ஒட்டி, மச்சானைத் திங்கட்கிழமையே கடலுக்கு அனுப்பினேன். “தாங்குமா?” என்று கேட்டான். “தாங்கும்” என்றேன். அப்பளமாகிப் போன தகடு என்று எனக்குத் தெரியும். காற்றுக் காலம் தொடங்கியிருந்தது என்றும் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் நின்று ஜன்னலால் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் இரவு அந்த றப்பரின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டினோம். வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் வலை உதறுவது போலப் பாவனை செய்துகொண்டு கரையில் நின்றோம். மாமி சிரட்டையோடு வந்தார். துணியைப் புளியில் தோய்த்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். நிறுத்தினார். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தார். பெயின்ட் கழன்று கீழே வெள்ளை தெரிந்தது.

“இது வாப்பாட தகடு இல்லயே” என்றார் மகனிடம். மகன் என்னைப் பார்த்தான்.

“அது பத்திரமா வீட்ல இரிக்கு மாமி. கழட்டிட்டன்.”

“ஏன்?”

சொன்னேன். செம்பு, அலுமினியம், உப்புத் தண்ணீர், ஓட்டை. பள்ளிக்கூடத்தில் சொல்வதைவிடத் தெளிவாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மாமி இரண்டாம் தடவை கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

“எப்ப கண்டீங்க?”

“ஞாயித்துக்கிழம.”

மாமி விரலை மடக்கினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு விரல். “நாலு நாளும் இவன் இதுலயா போனான்?”

“அடைச்சிட்டுத்தான் உம்மா—”

“நீ பேசாத.” என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “நான் தகட்டுக்கு அழுவன் எண்டு நெனச்சீங்களா மருமகன்? வீட்ட உட்டுட்டு வந்தன். கிணத்த உட்டுட்டு வந்தன். அடுப்புல வெந்துக்கிட்டு இருந்த சோத்த உட்டுட்டு வந்தன். இவன வயித்துல வச்சிக்கிட்டு நடந்து வந்தன். அப்பிடிக் கொண்டுவந்த புள்ளய ஒரு தகட்டுக்காக ஓட்ட போட்டுல அனுப்பினீங்களா?”

இருபது வருடம் போல அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். மாமி எதை விடுவார், எதை விடமாட்டார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சிரட்டையை அங்கேயே வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

அன்றே போட்டை ஒரு லொறியில் ஏற்றி, பஸ் பொடி கட்டும் கராஜுக்குக் கொண்டுபோனோம். மூக்கில் கெட்டுப்போன இடத்தை வட்டமாக வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகடு வைத்து, விளிம்பெல்லாம் பசை பூசி, நெருக்கமாக ஆணி அடித்தோம். பிறகு தண்ணீர் நிரப்பி ஒரு முழுப்பகல் காத்திருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. இதெல்லாம் முடியும்வரை இரண்டு வாரம் மச்சான் பழையபடி கூலிக்குப் போனான். மாமி என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வழக்கம்போல வைத்தார், அது இன்னும் சுட்டது.

போட் திரும்பி வந்த அன்று மாமி கரைக்கு வந்து மூக்கை உள்ளும் புறமும் தடவிப் பார்த்தார். பிறகு, “மருமகன், அந்தத் தகட்ட எடுத்துட்டு வாங்க. ஆணியும் சுத்தியலும் எடுங்க” என்றார்.

“போட்டுக்கு வேணாம் மாமி—”

“போட்டுக்கில்ல.” வீட்டு வாசலுக்குப் போய் நிலையின் மேற்சட்டத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். “இதுக்கு. மரத்துக்குச் செம்பு ஒண்டும் செய்யாதே? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க, சேர்.”

அவர் என்னைச் சேர் என்றதும் அதுதான் முதல் தடவை. மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். ஒன்றும் செய்யாது என்றேன். மாமி தகட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் கதிரையில் ஏறி நாலு மூலையிலும் ஆணி அடித்தேன். அந்த வீட்டில் யாரும் ஆணி அடித்த சத்தம் அதுவரை கேட்டதில்லை. அன்று கூட வந்திருந்த மனைவி குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

நான் கதிரையிலிருந்து இறங்கப் போனேன். “நில்லுங்க” என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பிரிட்ஜின் மேலிருந்த மணிக்கூடு இருந்தது. முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தார்.

“ஆணி மிச்சம் இரிக்கா?” என்று கேட்டார்.