டியூப்லைட்டில் பெயர் இருக்கிறது, கல்வெட்டில் இல்லை

1994 சித்திரையில் போன பயணம் இது. போன வாரம் அந்த ஊருக்குப் போய்வந்த நண்பர், கல்வெட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றார். கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்.

உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்துத் தந்திக் கம்பிகளை அறுத்துவிட்டு, மூன்று மாதம் தலைமறைவாக இருந்த உள்ளூர்த் தலைவருக்கு மண்டபம் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, மதுரையில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறினேன். காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம், டிக்கெட் அன்று ஏழு ரூபாய். திருச்சுழி பஸ்சுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். இறங்கிய இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் சீமைக்கருவேலம், ஒதுங்க நிழல் கிடையாது. குடை கொண்டுபோகாதது என் மடத்தனம்.

மண்டபம் என்றால் மார்பளவுச் சிலை, சுற்றிலும் கம்பிக் கூண்டு, அதற்கொரு பூட்டு. விடுதலைக்குப் போராடியவரை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். விழாக் கமிட்டிச் செயலாளர் வந்து திறந்துவிட்டார். டியூப்லைட்டில் உபயதாரர் பெயர். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர். அந்த வாரம்தான் பதித்த கல்வெட்டில், பெயின்ட் கொடுத்தவர், மைக்செட் கொடுத்தவர் என்று முப்பத்தேழு பெயர்கள். நின்று எண்ணினேன்.

கூண்டுக்கு வெளியே ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கையில் ஒரு தாளோடு நின்றிருந்தார். பெயர் எஸ்தர். கீழத்தெரு, சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. தலைவரைத் தன் ஆட்டுக்கிடையில் ஒளித்து வைத்தவர் இவருடைய அப்பா. போலீஸ் அடித்த அடியில் அவருக்கு வலது கை விளங்காமல் போயிற்று. செயலாளரே இதை மறுக்கவில்லை. வருடா வருடம் விழா மேடையில் சொல்கிற கதைதானாம். ஆனால் ‘ஒரு ஆட்டுக்காரர்’ என்றுதான் சொல்வார்களாம்.

அப்பாவின் பெயரைத் தாளில் எழுதி, கல்லில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வந்திருந்தார் எஸ்தர். செயலாளர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் விளக்கினார்.

“கீழத்தெரு ஆளு பேரக் கல்லுல வெட்டுனா ஊர்ல ஒத்துக்கிட மாட்டாக சார். அடுத்த தடவ பாப்பம்.”

ஃபேன் இறக்கைக்கு இருக்கிற மரியாதை அந்த மனிதருக்கு இல்லையா என்று கத்தினேன். வெளியூர்க்காரருக்கு எதற்கு இந்த வம்பு என்றார். எஸ்தர் குரலை உயர்த்தவே இல்லை.

“அந்த அடி அடிச்சும் எங்க அய்யா தலைவரு இருந்த எடத்தச் சொல்லல. இவுகள யாரு அடிச்சா, எங்க அய்யா பேரச் சொல்லாம இருக்கதுக்கு?”

செயலாளர் கூண்டைப் பூட்டினார்.

போகிறவர்களுக்கு: அருப்புக்கோட்டையிலேயே சாப்பிட்டுவிடுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் போனால்தான் சாவி வைத்திருப்பவரைப் பிடிக்க முடியும். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார். எஸ்தரின் அப்பா பெயர் ஞானமுத்து. அவரைப் பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள்.