ஓர் அடி எர்த் குழாய்

வயர்மேன் வந்திருப்பதாக நினைத்துக் கதவைத் திறப்பவர்கள், தமிழ்வாணியைப் பார்த்ததும் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "வயர்மேன் எங்கம்மா?" என்பார்கள். "நாந்தான்" என்று சொல்லிவிட்டு ரப்பர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போவாள். அதற்கும் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பேரையூர்ப் பக்கம் காட்டுவேலைக்குப் போன வீரணனின் மகள் அவள். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் வகுப்புக்கே ஒற்றைப் பெண்ணாகப் படித்து, லைசென்ஸ் எடுத்து, பதினாறு வருடமாக நாகமலை புதுக்கோட்டையில் வேலை பார்க்கிறாள். இத்தனை வருடத்தில் மின்சாரத்தின் மேல் அவளுக்கு மரியாதை கூடியிருக்கிறது; வீடு கட்டுகிறவர்கள் மேல் இருந்ததும் போய்விட்டது. வாசலுக்குத் தேக்கு, தரைக்கு கிரானைட் என்று இழைப்பவர்கள், ஒயர் என்றதும், "சுவத்துக்குள்ளதான இருக்கு, யாரு பாக்கப் போறா?" என்பார்கள்.

செல்வக்குமார் அந்த ரகம். மூன்று மாடி கட்டி, கீழே மனைவி ராக்கம்மாளோடு குடியிருந்துகொண்டு, மேலே மாணவிகளுக்கு விடுதி நடத்துகிறவர். போன தை மாதம் ஒரு காலையில் போன் செய்தார்.

"தாயி, அந்த ட்ரிப் சுவிட்சு சும்மா சும்மா விழுகுதுன்னு பிள்ளைக மூணு வாரமாப் புலம்புதுக. கீசரப் போட்டுட்டு பிள்ளைக குழாயத் தொட்டாப் போதும், வீடே அணைஞ்சு போகுது. அதக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துரு."

தமிழ்வாணி பாதி இட்லியோடு எழுந்துவிட்டாள். "நான் வார வரைக்கும் யாரும் குளிக்கக் கூடாதுண்ணே."

மின்சாரம் கசிந்தால் விழுவதற்குத்தான் அந்த சுவிட்சே. கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் சரியாக இருந்தால் கீசரைப் போட்டவுடனே விழுந்திருக்கும். ஆள் தொடும்வரை காத்திருக்கிறதென்றால், அந்த வீட்டில் மின்சாரம் பூமிக்குப் போக இருக்கும் ஒரே வழி, குளிக்கிற பெண்தான்.

நேரே கொல்லைப்பக்கம் போனாள். எர்த் குழிக்குத் தொட்டி கட்டி, பச்சை வர்ணமெல்லாம் பூசியிருந்தது. கம்பியைப் பிடித்து அசைத்தாள். எட்டடி இறங்கியிருக்க வேண்டிய குழாய், முள்ளங்கி மாதிரி கையோடு வந்துவிட்டது. ஓர் அடிதான் இருந்தது.

செல்வக்குமாருக்கு வெட்கமே இல்லை. "பாறையா இருக்கு, செக்கிங் வந்தா காட்ட இது போதும்னான் ஒயரிங் போட்டவன்."

"யாருக்குண்ணே காட்டுவீக? கரண்டுக்கா? அது எட்டிப் பாத்துட்டுப் போயிருமா?"

"இம்புட்டுப் பேச்சு எதுக்கு? கழட்ட முடியும்னா கழட்டு. இல்லாட்டி வேற ஆளு வாரான்."

தமிழ்வாணி பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டாள். மாடிக்குப் போய், பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, கீசரைப் போட்டாள். குளியலறைக் குழாயில் டெஸ்டரை வைத்ததும் அதன் விளக்கு எரிந்தது. கீழேயும் சோதிக்க, கீசரை அணைக்காமலே இறங்கி வந்தபோது, ராக்கம்மாள் பால் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"அக்கா, தொடாதீக!"

ஃபிரிட்ஜ் கதவில் டெஸ்டரை வைத்தாள். அங்கேயும் எரிந்தது.

"எல்லாப் பச்சைக் கம்பியும் ஒண்ணாத்தான் சேருதுண்ணே. மண்ணுக்குள்ள போக வழியில்ல. அதான் மேல கசிஞ்சது உங்க அடுப்படிக்கே வந்துருச்சு."

ராக்கம்மாள் கணவனைப் பார்த்த பார்வையில் அவருக்கு வியர்த்துவிட்டது. "இன்னைக்கே மாத்திரு தாயி. எம்புட்டு ஆனாலும் சரி."

தமிழ்வாணிக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்பாக இருந்தது. இருபத்திரண்டு பெண்கள் மூன்று வாரமாகச் சொன்னது அந்த மனிதரின் காதில் ஏறவில்லை. சொந்த ஃபிரிட்ஜ் சொன்னதும் ஏறிவிட்டது.

ஆள் வைத்துப் பாறையைத் துளைத்து, எட்டடிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினாள். கீசரில் கெட்டுப்போன பாகத்தையும் மாற்றினாள். சாயங்காலம் சோதனைப் பட்டனை அழுத்தியதும் ட்ரிப் சுவிட்ச் சட்டென்று விழுந்தது.

செல்வக்குமார் நன்றி சொல்லவில்லை. "வேல தெரியும், ஆனா வாய்த் துடுக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார். அந்தத் தெருவில் அடுத்து எழும்பிய இரண்டு வீடுகளின் வேலையும் வேறு ஆளுக்குப் போனது.

ஆனால் மாடியில் நின்று வேடிக்கை பார்த்த விடுதி மாணவி சரண்யாதேவி அதைத் தோழிகளிடமெல்லாம் சொல்லியிருந்தாள். இப்போது வேறு விடுதி பார்க்கப் போகும் பெண்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எர்த்தைச் சோதிக்கத் தமிழ்வாணியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சில வீட்டுக்காரர்கள் அவளை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துகிறார்கள்.

"டெஸ்டரக் கண்டு பயப்படுறவன் வீடு நமக்கு எதுக்கு? நடங்கடி" என்று அவள் வண்டியைத் திருப்பிவிடுகிறாள்.