பின்சீட்டில் கிடந்த புத்தகம்

நகரசபைத் தலைவரின் டிரைவரை எல்லோரும் 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். வண்டி ஓட்டுவது பாதி வேலை. தலைவர் வாய் திறக்கத் தயங்கும் இடத்தில் போய்ச் சத்தம் போடுவது மீதி வேலை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

ஒரு மத்தியானம் தலைவர் கூட்டத்துக்குள் போயிருந்தார். பின்சீட்டில் கிடந்த புத்தகத்தை மைக் எடுத்துப் புரட்டினார். ஆட்சியைப் பிடிப்பது எப்படி, பிடித்ததை விடாமல் வைத்திருப்பது எப்படி என்று எந்தக் காலத்திலோ ஒருவர் எழுதியது. விளையாட்டாக ஆரம்பித்தவர் கீழே வைக்கவில்லை. மக்கள் வெறுக்கும் காரியத்தை வேறொருவன் கையால் செய்ய வேண்டும், வெறுப்பு முற்றியதும் அவனையே மக்கள் முன்னால் தள்ளிவிட வேண்டும் என்று ஓரிடத்தில் இருந்தது.

சாப்பிடும்போது அதை மனைவியிடம் சொன்னார். "என்னா மூளை பாரு!"

"அந்த வேறொருத்தன் யாருங்க?" என்றாள் அவள்.

"அது ராஜா காலத்துக் கதை. நீ குழம்பை ஊத்து."

அடுத்த மாதம் பஸ் நிலையத்தை அகலப்படுத்த வேண்டி வந்தது. சுவரோரக் கடைகளை அகற்ற வேண்டும். "நீயே நின்னு முடிச்சிடுப்பா. அவங்க அழுதா எனக்குத் தாங்காது" என்றார் தலைவர்.

அந்த வரிசையில் மைக்கின் தங்கை கணவரும் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். "மச்சான், கொஞ்சம் பொறுங்க. கண்ணாடிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கறேன்" என்று கெஞ்சினார். சுற்றி நின்றவர்கள் மைக்கின் முகத்தையே பார்த்தார்கள். சொந்தக்காரனுக்குச் சலுகை என்று பேச்சு வந்துவிடுமே! புல்டோசரை முதலில் அங்கேதான் திருப்பச் சொன்னார். தங்கை கணவர் மண்டியிட்டு, மண்ணில் சிதறிய சின்னச் சின்னக் கடிகார முட்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஊர் கொதித்தது. தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவர் கடைக்காரர்களைக் கூட்டிவைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாம நடந்துபோச்சு. என் பேரைச் சொல்லி டிரைவர் ஆடியிருக்கான். இன்னையிலேர்ந்து அவன் வேலையில இல்ல. உங்க எல்லாருக்கும் புதுக் கடை."

கைதட்டல் அடங்கவே இல்லை. கடைசி வரிசையில் நின்ற மைக் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தன் கண்ணாலேயே படித்தாரே, அந்தப் பக்கத்துக்குள் தன் காலாலேயே நடந்து போயிருக்கிறாரே!

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"தலைவர்தான்மா சொன்னாரு..."

"தெரியும்ண்ணே. ஊருக்கே தெரியும். அவர் சொன்னாரு, நீ செஞ்ச. வாசல்ல நிக்காத. எங்க வீட்டுக்காரர் பாத்தா சாப்பிட மாட்டாரு."

புதுக் கடைகளைத் தலைவரே திறந்துவைத்தார். தங்கை கணவர் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம். மைக்குக்கு உள்ளூரில் யாரும் வண்டிச் சாவி கொடுக்கவில்லை. வெளியூரில் தண்ணீர் லாரி ஓட்டப் போனார்.

தேர்தலன்று மட்டும் வந்து ஓட்டுப் போட்டார். திரும்பும் வழியில் மனைவி கேட்டாள், "யாருக்குப் போட்டீங்க?"

"அவருக்குத்தான்."

அவள் நின்றுவிட்டாள்.

"வேற யாரை எனக்குத் தெரியும்?" என்றார் அவர்.